கொஞ்சம் சாய்ந்த மஞ்சள் கட்டம்

நில அளவை அலுவலகத்தில் அவரை எல்லாரும் நேர்கோடு என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. வரைபடப் பிரிவில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தவர். கோணலாக ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் கை சும்மா இருக்காது. பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டே போய்ச் சுவர்க் காலண்டரை நிமிர்த்துவார். ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், அழுதுகொண்டிருந்த பெண்களைத் தாண்டிப் போய், இறந்தவரின் படத்தை ஒரு விரலால் நேர் செய்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த மனைவி தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். "அவருக்கும் கழுத்து வலிக்கும்ல?" என்றார் காதோடு. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பார்த்தவர்கள், பாவம் எவ்வளவு இளகிய மனசு என்று நினைத்துக்கொண்டார்கள். அப்படிப்பட்ட மனிதர்.

அவள் தையல்காரி. முன்னறை ஜன்னலோரம் மெஷின். தெருவில் பாதிப் பேரின் இடுப்பளவு அவள் நோட்டில் இருந்தது. அதனாலேயே அவளிடம் யாரும் வம்புக்கு வருவதில்லை. வம்புக்கு வருவது ஒரே ஒரு ஆள்தான், அவளுடைய அண்ணன்.

அவளுக்கு ஒன்பது வயதிலும் அண்ணனுக்குப் பத்தொன்பது வயதிலும் அப்பா அம்மா இருவரும் ஒரே விபத்தில் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது, கல்யாணம் செய்து கொடுத்தது எல்லாம் அண்ணன்தான். அன்பாக நாலு வார்த்தை பேச மட்டும் அவனுக்கு வராது. கிண்டல் செய்யத்தான் வரும். அவளை 'வாலு' என்பான். நெடுஞ்சாலை ஓரத்தில், பஸ்ஸில் போனால் நாலு மணி நேரத் தூரத்தில், ஒரு சின்ன ஊரில் டயர் கடை வைத்திருந்தான். முந்நூறு வீடு, ஒரு பெட்ரோல் பங்க், ஒரு பள்ளிக்கூடம். ஊருக்குப் பெயர் இருந்தது. வரைபடத்தில் மட்டும் இல்லை. அவ்வளவு சின்ன ஊருக்கெல்லாம் எழுத்து போட்டால் தாள் தாங்காது என்பது நேர்கோட்டின் கட்சி.

அந்த வருடம் அண்ணனுக்கு அவள் ஒரு சட்டை தைத்துக் கொடுத்திருந்தாள். நீலத்தில் சன்னமான வெள்ளைக் கோடு. கோட்டோடு கோடு சேரும்படி தோள்பட்டையில் வெட்டி, இரண்டு தடவை பிரித்துத் தைத்தது. மூன்று மாதம் கழித்து அவளும் நேர்கோடும் அவன் கடைக்குப் போனபோது, அந்தச் சட்டையால் ஒருத்தன் லாரிச் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன அண்ணா இது?"

"வாலு, நல்ல துணிம்மா. கிரீஸை அப்படியே உறிஞ்சுது."

"போட்டுக்கத்தானே தைச்சுக் குடுத்தேன்!"

"போட்டேனே. ஒரு கை முழங்கைக்கு வந்துச்சு, இன்னொண்ணு மணிக்கட்டுக்குப் போச்சு. எந்தக் கையை நம்பறதுன்னு தெரியல."

அது பொய். அவள் அளவு ஒரு நூல் பிசகாது. நேர்கோடு பக்கத்தில் நின்றுகொண்டு, மச்சானோடு சேர்ந்து சிரித்தார். திரும்பி வந்த நாலு மணி நேரமும் அவள் பஸ் ஜன்னல் கம்பியை நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தாள். இருக்கட்டும், என் கைக்கும் ஒருநாள் வேலை வரும் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த மாதமே வந்தது.

நேர்கோட்டின் டைரக்டர் ஒரு நாள் வரைபடப் பிரிவுக்குள் ஓடிவந்தார். மெலிந்த ஆள், மெலிந்த குரல், சந்தோஷம் வந்தால் இன்னும் மெலியும். மின்சாரத் துறை இன்ஜினியர்கள் எட்டு மாதம் உட்கார்ந்து ஒரு கணக்கை முடித்திருந்தார்கள். நாட்டில் எரிகிற விளக்கு, ஓடுகிற ரயில், ஆலை, அடுப்பு, இனி வரப்போகிற மின்சார வண்டி எல்லாவற்றுக்கும் வெயிலிலும் காற்றிலும் இருந்தே மின்சாரம் எடுப்பதென்றால் எவ்வளவு நிலம் வேண்டும் என்ற கணக்கு. நாட்டை நூறு பங்கு போட்டால் ஒரு பங்கு, அதற்கு மேல் கொஞ்சம். காற்றாலைகளுக்கு நடுவே விவசாயம் நடக்கலாம் என்பதால் அவற்றின் கால் பதிகிற இடத்தை மட்டும் சேர்த்திருந்தார்கள்.

"நாட்டுப் படத்தில ஒரே ஒரு மஞ்சள் கட்டம்," என்றார் டைரக்டர். "எல்லாத்தையும் ஒண்ணாக் குவிச்சா இவ்வளவுதான்னு காட்டணும். பாத்ததும் ஜனங்க 'ப்பூ, இவ்வளவுதானா'ன்னு சொல்லணும். அந்த 'ப்பூ' எனக்கு வேணும்!"

நேர்கோடு கம்ப்யூட்டரில் வரையத் தெரிந்தவர்தான். ஆனாலும் எதையும் தாளில் ஒட்டிப் பார்க்காமல் அவருக்குத் திருப்தி வராது. பெரிய படத்தையும் ஒட்டுகிற மஞ்சள் தாளையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மறுநாள் காலை ஏழு மணிக்குச் சாப்பாட்டு மேஜை மேல் நாடு விரிந்து கிடந்தது. மூலைக்கு ஒரு டம்ளர் வைத்து அழுத்தியிருந்தார். அளவெடுத்துப் பென்சிலால் கட்டம் போட்டுவிட்டு, அவளுடைய கத்தரிக்கோலை எடுத்தார்.

"கீழ வைங்க அதை! துணிக் கத்தரில தாளை வெட்டினா முனை போச்சு. எத்தனை வருஷமாச் சொல்றேன்?"

"ஒரே ஒரு கட்டம்…"

"நாடே ஆனாலும் சரி. குடுங்க, பழைய கத்தரில நானே வெட்டறேன்."

வெட்டினாள். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் சின்னக் கட்டம். இவ்வளவுக்குள்ளா நாட்டின் அத்தனை விளக்கும் என்று அவளுக்கே 'ப்பூ' வந்தது. டைரக்டருக்கு அந்தக் கணக்கில் கிடைத்த முதலும் கடைசியுமான 'ப்பூ' அதுதான்.

"எட்டு மணிக்கு ஜீப் வந்துடும், நான் குளிச்சுட்டு வந்துடறேன்," என்றார் நேர்கோடு. "எந்த ஊர்ப் பேரும் மறையாத இடமாப் பாத்து வச்சுப் பாரு. எங்க பிரிவுல அது ஒண்ணுதான் சட்டம். ஒரு ஊர்ப் பேரை மறைச்சோம்னா ரெண்டு வருஷத்துக்கு அந்த ஊர்லேருந்து கடுதாசி வரும். திசைகாட்டியோ, அளவுகோலோ, எதை வச்சாலும் எழுத்தில்லாத இடத்திலதான் வைக்கணும்."

எழுத்தில்லாத இடம் மூன்று இருந்தது. ஒன்று ஏரி. ஒன்று காடு. மூன்றாவது, நெடுஞ்சாலை ஒரு முழங்கை போல மடங்குகிற இடம். அந்த முழங்கையில் யார் டயர் விற்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாதா?

முதலில் சும்மா வைத்துத்தான் பார்த்தாள். நேராக வைத்தால் கட்டத்தின் மேல்முனை பக்கத்து ஊரின் கடைசி எழுத்தில் இடித்தது. கீழே இறக்கினால் அண்ணன் கடை தப்பித்துக்கொண்டது. கழுத்துப்பட்டைக்குத் துணி போதாமல் போகும்போது என்ன செய்வாள்? கொஞ்சம் சாய்ப்பாள். சாய்த்தாள். எழுத்து பிழைத்தது. கட்டத்தின் ஒரு மூலை நெடுஞ்சாலையைத் தாண்டி, டயர் கடை வாசலில் போய்க் கச்சிதமாக உட்கார்ந்தது. பின்தாளை உரித்து ஒட்டி, உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினாள். நல்லா உறிஞ்சு, என்றாள் மனசுக்குள்.

குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு வந்தவர் மேஜையைப் பார்த்தார்.

"கொஞ்சம் சாய்ஞ்சிருக்கோ?"

"உங்க கண்ணு சாய்ஞ்சிருக்கு."

அவர் குனிந்தார். மூக்கு தாளில் இடிக்கிற மாதிரி குனிந்தார். ஒரு விரல் அந்த மூலைக்குப் போனது. நகம் மஞ்சள் தாளின் ஓரத்தில் நின்றது. வெளியே ஜீப் ஹாரன் அடித்தது. அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார், மறுபடி மூலையைப் பார்த்தார், துண்டால் காதைத் துடைத்துக்கொண்டார்.

"சரி," என்று படத்தைச் சுருட்டினார்.

அந்தப் படத்தையே போட்டோ எடுத்து அச்சடித்தார்கள். பஸ் நிலையங்களில் ஒட்டினார்கள், செய்தித்தாள்கள் முதல் பக்கத்தில் போட்டன. கீழே எறும்பு அளவு எழுத்தில் 'விளக்கத்துக்காக மட்டும். இடம் குறிப்பதல்ல' என்று இருந்தது. எறும்பு அளவு எழுத்தை எறும்புதான் படிக்கும். கட்டத்துக்கு வெளியே இருந்தவர்கள் 'நல்ல திட்டம்' என்றார்கள். உள்ளே இருந்தவர்கள் வேறு மாதிரி சொன்னார்கள். முழங்கை வளைவில் முந்நூறு வீட்டையும் காலி செய்யப் போகிறார்கள் என்று சாயங்காலத்துக்குள் பேச்சு பரவிவிட்டது. யாரோ வீட்டுக் கதவைக் கழற்றி அக்கா வீட்டுக்கு அனுப்பியே விட்டார்களாம்.

அவள் அண்ணனைச் சீண்ட நினைத்தாளே தவிர, ஒரு ஊரே கதவைக் கழற்றும் என்று கண்டாளா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் வந்தான். தனியாக இல்லை. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியையும், முடிவெட்டுகிற பெரியவரும், பெட்ரோல் பங்க்காரரும் கூட வந்தார்கள். அண்ணன் செய்தித்தாளை மேஜை மேல் விரித்தான். எந்த மேஜையில் கட்டம் ஒட்டப்பட்டதோ, அதே மேஜை.

"மாப்பிள்ளை, நாட்டில இவ்வளவு இடம் இருக்கு. என் கடை வாசல்தான் கிடைச்சுதா?"

"இது சும்மா படம் மச்சான். நிஜமா அங்க எதுவும் வரப் போறதில்ல."

"படத்துக்கே ஊர் காலியாகுது. நிஜம் வேற வேணுமா?" என்றார் முடிவெட்டுகிறவர்.

அண்ணன் கையை ஓங்கி மேஜையில் அடித்தான். "எல்லாரும் கேட்டுக்கங்க. இந்தக் கட்டத்தை எந்தக் கை ஒட்டிச்சோ, அந்தக் கையால ஒரு வாய்த் தண்ணி கூட இனிமே நான் வாங்கிக் குடிக்கமாட்டேன். செத்தாலும் சரி!"

அவள் அப்போதுதான் தட்டில் நாலு டம்ளர் தண்ணீரோடு சமையலறையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். கால் அப்படியே நின்றுவிட்டது. உலகத்தில் அவளுக்கு இருக்கிற ஒரே பிறந்த வீடு அந்த ஆள்தான். இப்போது சொல்லிவிட்டால் அதுவும் போச்சு. சொல்லாவிட்டால், தெரிய வருகிற அன்றைக்கு இன்னும் மோசமாகப் போகும். வாயைத் திறந்தாள்.

"என் கைதான் மச்சான்," என்றார் நேர்கோடு. "வேற யாரு கை? வரைபடப் பிரிவு நான்தானே."

"அப்போ உங்க கைத் தண்ணி எனக்கு வேண்டாம்." அண்ணன் திரும்பி, தங்கையின் தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து, அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தான். மீசையைத் துடைத்துக்கொண்டான். "இது தண்ணி! பாவம், இவ என்ன பண்ணுவா."

அவளுக்கு நிலம் பிளந்து தன்னை மட்டும் விழுங்கினால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

"ஏன் சார், வேற இடமே இல்லையா?" என்று தலைமையாசிரியை நிதானமாகக் கேட்டாள். அப்போது நேர்கோடு அந்தச் சட்டத்தைச் சொன்னார். பெயர் உள்ள இடத்தை மறைக்கக்கூடாது, உங்கள் ஊர்ப் பெயர் படத்தில் இல்லை, ஆகையால் கட்டம் அங்கே. மறுநாள் அலுவலகத்தில் டைரக்டரிடமும் அதையே சொன்னார்.

"அது சரி. ஏன்யா கோணலா இருக்கு?"

"சூரியனைப் பாத்து வச்சிருக்கேன் சார்."

டைரக்டர் அதைக் கோப்பில் எழுதிக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் இன்ஜினியர்களிடமே எடுத்தும் விட்டார். எந்தச் சூரியன், எந்த மாதத்துச் சூரியன் என்று கேட்டால் தங்களுக்குத் தெரியவில்லை என்று ஆகிவிடுமோ என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஆனால் தலைமையாசிரியை சும்மா இருக்கவில்லை. பெயர் இல்லாததால்தானே கட்டம் வந்தது? பெயர் இருந்தால் வராது. அவள் ஊருக்குத் திரும்பிய கையோடு ஒரு மனு எழுதினாள்: எங்கள் ஊர்ப் பெயரைப் படத்தில் போடவும். அந்த மனுவின் நகல் எப்படியோ பக்கத்து ஊருக்குப் போனது, அங்கிருந்து அதற்கடுத்த ஊருக்கு. ஒரு மாதத்தில் நில அளவை அலுவலகத்தில் மனு வைக்க நாற்காலி போதவில்லை. பெயர் இல்லாத ஊர்க்காரர் அத்தனை பேரும் பெயர் கேட்டார்கள். பஸ் நிற்கிற இடத்துக்குப் பெயர் கேட்டார்கள். ஒரு கிணற்றுக்கு மூன்று பெயர் வந்தது, மூன்றும் ஒரே குடும்பத்து அண்ணன் தம்பிகளிடமிருந்து. கோழிப்பண்ணை வைத்திருந்த ஒருவர், நாற்பதாயிரம் உயிர்கள் வாழும் இடம் என்று குறிப்பிட்டு, தன் பெயரையே போடச் சொன்னார்.

மந்திரி கூப்பிட்டுக் கேட்டதும் டைரக்டர் நடுங்கிப் போனார். "எல்லாப் பேரையும் போட்டுடு. புதுசா ரெண்டாம் பதிப்பு. அதோட கட்டத்தையும் நல்ல இடமாப் பாத்து வை. இந்தத் தடவை ஏதாவது ஆச்சு, உன்னைப் பழைய கோப்பு அறைக்கு மாத்திடுவேன். அங்க எல்லாம் கோணல்தான், நிமிர்த்திக்கிட்டே இரு."

எல்லாப் பெயரையும் போட்டார்கள். நாடு எள் கொட்டின மாதிரி ஆகிவிட்டது. ஏரிக்குள்ளே கூட இரண்டு திட்டுகளுக்குப் பெயர் வந்திருந்தது. கட்டம் வைக்க ஒரு விரல் இடம் இல்லை.

அந்த வாரம் பூராவும் நேர்கோடு அலுவலகம் விட்டு வந்ததும் மேஜைக்கு எதிரே உட்கார்ந்துகொள்வார். மஞ்சள் கட்டத்தைக் கையில் எடுப்பார், அங்கே வைப்பார், இங்கே வைப்பார், பெருமூச்சு விடுவார். சுவரில் காலண்டர் கோணலாகக் கிடந்தது. பார்த்துவிட்டுச் சும்மா இருந்தார். அதைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. மெஷினை நிறுத்தினாள்.

"ஏங்க, ஒருத்தருக்குச் சட்டை தைக்க ரெண்டரை மீட்டர் துணி வேணும்னு வைங்க. அந்த ரெண்டரை மீட்டரையும் அப்படியே அவர் மூஞ்சில போர்த்தினா என்ன ஆகும்?"

"மூச்சு முட்டும்."

"வெட்டித் தைச்சா?"

"சட்டை."

"துணி குறைஞ்சுதா? கூடிச்சா? உங்க டைரக்டர் நாட்டு மூஞ்சில துணியைப் போர்த்திட்டு ஏன் கத்தறீங்கன்னு கேக்கறாரு. பொத்தான் பொத்தானா வெட்டி, எழுத்துக்கு நடுவுல தைங்க."

அவர் கட்டத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "பொத்தான் வட்டமா வெட்டினா நடுவுல நிறைய வீணாகுமே. அளவு குறைஞ்சா கணக்கு தப்பு."

"பொத்தான்னா வட்டமாத்தான் இருக்கணுமா? கோட்டுக்குச் சதுரப் பொத்தான் தைச்சது இல்லையா நான்?"

அவர் சட்டென்று எழுந்துபோய்க் காலண்டரை நிமிர்த்தினார். அப்போதே காரியம் முடிந்த மாதிரிதான்.

மூன்று சாயங்காலம் இருவரும் உட்கார்ந்து வெட்டினார்கள். அவள் வெட்ட, அவர் இடுக்கியால் எடுத்து வைத்தார். ஒரு துணுக்கு கீழே விழுந்தாலும் நாற்காலிக்கு அடியில் தவழ்ந்து தேடுவார். "ஒரு தாலுகாவுக்கு விளக்கு போச்சு, எழுந்திரு, காலைத் தூக்கு," என்பார். எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். ஆலைக் கூரைகள், கிடங்குக் கூரைகள், ரயில்வே யார்டு, கல் வெட்டித் தீர்ந்த குவாரி, உப்பேறிப்போன தரிசு, அணை நீரின் மேல்பரப்பு, வண்டி நிறுத்தும் திடல் எனத் தேடித்தேடி வைத்தார். கூரைகள் மட்டும் போதவில்லை. பாதிக்கு மேல் தரிசுக்கும் குவாரிக்கும்தான் போனது. கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை, மேஜையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அதே கட்டம், அதே அளவு. எங்கே போனது என்று தேட வேண்டியிருந்தது.

இன்ஜினியர்கள் இப்படிச் சிதறினால் கம்பி அதிகம் இழுக்க வேண்டும் என்று முனகினார்கள். அது உண்மைதான். டைரக்டர் காதில் அது விழவில்லை. அவர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு தன் வீட்டுக்கு அருகே பொத்தான் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார்.

நாடே அதைத்தான் செய்தது. இரண்டாம் பதிப்பு வந்ததும் ஜனங்கள் பஸ் நிலையத்தில் படத்தில் மூக்கை வைத்து, "எங்க ஊர்ல ரெண்டு, உங்க ஊர்ல எத்தனை?" என்று கேட்டுக்கொண்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மறுபடி வந்து நின்றான். இந்தத் தடவை தனியாக.

"மாப்பிள்ளை, எங்க ஊருக்கு ஏன் ஒண்ணு கூட இல்ல?"

"மச்சான், கட்டம் வேண்டாம்னுதானே நீங்கல்லாம் பேரு கேட்டு மனு அனுப்பிச்சீங்க?"

"அது பெருசா இருந்தப்போ. இப்போ பக்கத்து ஊர்க்காரன் அவன் கிடங்குக் கூரைக்கு ஒண்ணு வந்துடுச்சுன்னு மீசையை முறுக்கறான். பங்க்காரரு ரெண்டு நாளா என்னோட பேசல."

"மூணாம் பதிப்புல பாக்கலாம். உக்காருங்க, தண்ணி குடிங்க," என்று நேர்கோடு டம்ளரை நீட்டினார்.

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அந்தக் கை வேண்டாம்னு சொல்லியிருக்கேன்ல? வாலு, நீ கொண்டா."

ஆறு வருடம் இது நடந்தது. அண்ணன் வரும்போதெல்லாம் நேர்கோடு வேண்டுமென்றே தண்ணீரை நீட்டுவார். அண்ணன் தலையைச் சிலுப்பிக்கொள்வான். பிறகு அவள் கொண்டுவருவாள். "ஆகா, இந்தக் கைத் தண்ணிதான் தண்ணி," என்று சொல்லிச் சொல்லிக் குடிப்பான். அவளுக்கு ஒவ்வொரு வாய்க்கும் நெஞ்சில் முள் ஏறும். அந்தக் குற்ற உணர்ச்சியில் அவன் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினாள். கடைக்குத் திரைச்சீலை கேட்டான், தைத்தாள். லாரி சீட்டுக்கு உறை கேட்டான், பதினாலு உறை தைத்தாள். சட்டை மட்டும் எட்டு. மூன்று தடவை உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். மூன்று தடவையும் நேர்கோடு எங்கிருந்தோ குறுக்கே வந்து பேச்சை மாற்றிவிட்டார். "விடு. எனக்கு ஒரு டம்ளர் தண்ணிதானே நஷ்டம்," என்பார் அவள் தனியாகக் கேட்டால். இப்படியும் ஒரு மனுஷனா என்று அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைப்பாள்.

ஏழாவது வருடம் மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, நேர்கோடு அலுவலக மேஜையிலேயே தலை சாய்த்தார். தூங்குகிறார் என்று நினைத்து யாரும் எழுப்பவில்லையாம். கையின் கீழே ஒரு கோடு பாதியில் நின்றிருந்தது. நின்ற இடம் வரைக்கும் நேராக இருந்தது என்று டைரக்டர் வந்து சொல்லி, மெலிந்த குரலில் அழுதார்.

வந்தவர்கள் எல்லாரும் போன பிறகும் அண்ணன் மட்டும் இரண்டு வாரம் அங்கேயே இருந்தான். கடையை யாரிடம் விட்டான் என்று அவள் கேட்கவில்லை. ஒரு சாயங்காலம் ஜன்னலோரம், உறை போட்டு மூடிய மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், "வாலு, கொஞ்சம் தண்ணி கொண்டா," என்றான்.

கொண்டுவந்தாள். நீட்டப் போனவள், நீட்டாமல் மேஜை மேல் வைத்தாள்.

"என் கையால குடிக்காத அண்ணா."

"ஏன்?"

"அந்தக் கட்டத்தை ஒட்டினது நான். உன் கடைன்னு தெரிஞ்சே ஒட்டினேன். சட்டைக்காக. அவரு என்னைக் காட்டிக்குடுக்காம பழியை வாங்கிக்கிட்டாரு. நீ அவர் கைத் தண்ணி குடிக்காமயே அவரு போயிட்டாரு." டம்ளரை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள். "போறதுன்னா போ. நீ சொன்ன சொல்லு இருக்கு."

அண்ணன் டம்ளரைப் பார்த்தான். எடுத்தான். அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்துவிட்டு வைத்தான்.

"ஆறு வருஷமாக் குடிச்சதுதானே," என்றான்.

அவள் நிமிர்ந்தாள்.

"பேப்பரைப் பாத்ததுமே தெரியும். கட்டம் நேரா இருந்திருந்தா மாப்பிள்ளை ஒட்டினதுன்னு நம்பியிருப்பேன். அந்த மனுஷன் பல்லு குத்தறதுக்கே அளவுகோல் வைக்கற ஆளு. அவரு சாய்ச்சு ஒட்டுவாரா? அதுவும் மூலை என் கடை வாசல்ல வந்து நிக்கற மாதிரி? ஒம்போது வயசுல என் செருப்புக்குள்ள முள்ளு வச்சவ நீ. வேற யாரு?"

"அப்போ… உனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியுமா?"

"அவருதானே அன்னிக்குச் சாயங்காலமே போன் பண்ணினாரு! 'மச்சான், உங்க தங்கச்சி உங்க தலையில சூரியனையே இறக்கி வச்சுட்டா. கோபப்படுங்க, ஆனா என் மேல படுங்க, பாவம் பயந்து போயிருக்கா'ன்னாரு. ஊரே கொதிச்சுட்டு இருக்கு, நானும் கோபப்பட்டுத்தானே ஆகணும்? அந்தத் தண்ணி விஷயம் ரெண்டு பேரும் போன்லயே பேசி வச்சது. ஒரு தடவை போதும்னுதான் நினைச்சேன். அதுக்கப்புறம் நீ திரைச்சீலை தைச்சுக் குடுத்தியா… 'மச்சான், கெடுத்துடாதீங்க, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்'னு அவருதான்…"

"சீட்டு உறை?"

"அது அவரு யோசனை."

"பதினாலு!"

"லாரி மூணுதான். மிச்சத்தை வித்துட்டேன்."

அப்படியானால் அன்று காலை, தலையில் துண்டோடு, நகத்தை மூலையில் வைத்துக்கொண்டு நின்றாரே, எல்லாம் தெரிந்துதான் நின்றாரா? துக்க வீட்டுப் படத்தைக் கூட விட்டுவைக்காத மனுஷன், அதை மட்டும் கோணலாகவே சுருட்டி எடுத்துக்கொண்டு போனாரா? ஆறு வருடம் முன்னறையில் ஒருத்தர் நீட்ட, ஒருத்தர் முறைக்க, அவள் உள்ளே போனதும் இரண்டு பேரும் சத்தமில்லாமல் சிரித்திருக்கிறார்கள். நன்றாக நாலு கேள்வி கேட்கலாம் என்றால், கேட்க வேண்டிய ஆள் சுவரில் இருந்தார். ஒரு நூல் பிசகாமல், நேராக, தெரியாதவர் மாதிரி பார்த்துக்கொண்டு.

அவள் விறுவிறுவென்று போனாள். ஒரு விரலால் படத்தின் கீழ்மூலையைத் தட்டினாள். படம் கொஞ்சம் சாய்ந்தது. இரண்டடி பின்னால் வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். போதவில்லை. மறுபடி போய் இன்னும் ஒரு தட்டு தட்டினாள்.

"கோணலா இருக்கே வாலு," என்றான் அண்ணன்.

"கிடக்கட்டும்," என்றாள். "கழுத்து வலிக்கட்டும்."